சுவரில் தொங்கும் உலகப் படம்

முன்பு 'பூகோளம்' என்று வழங்கிவந்த பாடத்தை இன்று 'புவியியல்' என்கிறோம். இந்தப் பெயர் மாற்றத்தால் தமிழுக்கு ஆதாயம்தான். ஆனாலும் ஒன்றை இழந்திருக்கிறோம். பூ என்றால் பூமி. கோளம் என்றால் உருண்டை. பாடத்தின் முதல் கருத்து அதன் பெயருக்குள்ளேயே இருந்தது. அட்டையைத் திறக்குமுன்பே, 'நீ படிக்கப் போவது ஓர் உருண்டையைப் பற்றி' என்று அந்தப் பெயர் மாணவனுக்குச் சொல்லிவிட்டது.

பெயர் போனதில் பெரிய நட்டமில்லை. அந்தக் கருத்தும் கூடவே போய்விட்டதோ என்பதுதான் நம் கவலை. பூமி உருண்டை என்று முதல் பாடத்தில் ஒப்பிக்கும் மாணவன், இரண்டாம் பாடத்திலிருந்து தட்டையான ஒரு தாளைப் பார்த்தே உலகைக் கற்கிறான். உருண்டை எப்படித் தாளாயிற்று, அப்படி ஆகும்போது எது கெட்டது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. உலகப் படம் தொடக்கப் பள்ளியிலேயே சுவரில் ஏறிவிடுகிறது. அதை வரையும் முறையைப் பற்றிய பாடமோ, மேல்நிலை வகுப்பில் புவியியலைத் தனிப் பாடமாக எடுப்பவர்களுக்குத்தான் முறையாகக் கிடைக்கிறது. மற்றவர்கள், அதாவது பெரும்பாலோர், சுவரில் கண்டதையே உலகம் என்று நம்பிப் பள்ளியை விட்டு வெளியேறுகிறார்கள்.

ஒரு நூலைத் திறனாய்வு செய்வதுபோல் ஒரு தேசப்படத்தையும் திறனாய்வு செய்யலாம். அதற்கும் ஆசிரியர் உண்டு, நோக்கம் உண்டு, நிறைகுறைகள் உண்டு. இக்கட்டுரையில் புகழ்பெற்ற இரண்டு உலகப் படங்களை அவ்வாறு ஆராய்வோம். ஒன்று மெர்கேட்டர் படம், மற்றொன்று பீட்டர்ஸ் படம். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தால், புவியியலைக் கற்க எந்தக் கருத்து முதலில் வேண்டும் என்பது தானே விளங்கும்.

ஐந்து கருத்துகள், ஒரு சங்கடம்

புவியியலின் அடிப்படை இடம், திசை, தூரம், பரப்பு, வடிவம் என்னும் ஐந்து கருத்துகள். ஓர் ஊர் எங்கே இருக்கிறது? எந்தத் திசையில்? எவ்வளவு தொலைவில்? ஒரு நாடு எவ்வளவு பெரியது? அதன் உருவம் என்ன? மற்றக் கேள்விகள் எல்லாம் இவற்றின் மீதே எழுகின்றன. மழை, மண், மக்கள்தொகை, வாணிபம் எதை ஆராய்ந்தாலும் இந்த ஐந்தும் தேவை.

இந்த ஐந்தும் ஒருசேரச் சரியாக இருப்பது நிலவுருண்டை ஒன்றில்தான். தாளில் அது முடியாது. படம் வரைபவரின் திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. வளைந்த கோளப் பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் சமதளமாக்க இயலாது என்பதைக் கணித மேதை கார்ல் ஃபிரெடரிக் காஸ் 1827-இல் நிறுவிய தேற்றம் உறுதிப்படுத்திற்று. காஸ் வெறும் ஏட்டுக் கணிதர் அல்லர். ஜெர்மனியின் ஹானோவர் நாட்டு நில அளவையைத் தாமே வயலில் நின்று நடத்தியவர்.

வாசகர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் ஆரஞ்சுப் பழத்தின் மீது மைப்பேனாவால் ஒரு மனிதமுகத்தை வரையுங்கள். பிறகு தோலைக் கிழியாமல் உரித்து மேசைமேல் வைத்து அழுத்துங்கள். ஒன்று தோல் கிழியும். அல்லது முகம் கோணும். கிழியாமலும் கோணாமலும் தட்டையாக்க எவராலும் முடியாது. உலகப் படம் வரைபவரின் சங்கடமும் இதுவே.

உருண்டையின் மீதுள்ள அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தாளில் வலைபோல் அமைத்துக்கொள்ளும் முறைக்குக் 'கோட்டுச்சட்டம்' என்று பெயர். கோட்டுச்சட்டங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. சில பரப்பைக் காக்கும், சில கோணங்களைக் காக்கும். எல்லாவற்றையும் சிறிது சிறிது விட்டுக்கொடுத்து, எதையும் மிகவும் கெடுக்காமல் சமரசம் செய்பவையும் உண்டு. எல்லாவற்றையும் முழுதாகக் காக்கும் சட்டம் மட்டும் கிடையாது.

மெர்கேட்டர் செய்தது

கெரார்டு மெர்கேட்டர் இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ரூப்பெல்மாண்டில் 1512-இல் பிறந்தவர். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் குடியேறி, 1569-இல் தம் பெரிய உலகப் படத்தை வெளியிட்டார். பதினெட்டுத் தாள்களில் அச்சாகி, ஒட்டிச் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம் வரும் படம் அது. கடலோடிகளின் பயனுக்காக வரையப்பட்டது என்பதை அவர் படத்தின் தலைப்பிலேயே அறிவித்துவிட்டார்.

அக்காலத்து மாலுமிக்கு நடுக்கடலில் துணை திசைகாட்டி ஊசிதான். வடக்கிலிருந்து இத்தனை பாகை சாய்ந்து செல் என்றால் அவனால் செல்ல முடியும். திசையை ஓயாமல் மாற்றிக்கொண்டே செல் என்றால் குழம்பிவிடுவான். ஒரே திசைக்கோணத்தில் தொடர்ந்து செல்லும் கப்பலின் பாதை உருண்டையின் மீது சுருள்போல் வளையும். அந்தப் பாதை தாளில் நேர்கோடாக வரும்படி ஒரு படம் கிடைத்தால் மாலுமியின் வேலை எளிதாகும். புறப்படும் துறைமுகத்தையும் சேரவேண்டிய துறைமுகத்தையும் அளவுகோலால் இணைத்து, கோணத்தை அளந்து, கப்பலைச் செலுத்தலாம். அத்தகைய படத்தையே மெர்கேட்டர் கொடுத்தார்.

எப்படிச் செய்தார்? உருண்டையில் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். பூமத்திய ரேகையில் ஒரு பாகைத் தீர்க்கத்தின் அகலம் ஏறத்தாழ 111 கி.மீ. சென்னை அமைந்துள்ள 13 பாகை அட்சத்தில் அது 108 கி.மீ. அளவு. 60 பாகையில் 56 கி.மீ.தான். துருவத்தில் சுழி. மெர்கேட்டர் இக்கோடுகளை நெருங்கவிடாமல் நேராக நிமிர்த்தி, இணைகோடுகளாக்கினார். ஆகவே 60 பாகையில் கிழக்கு மேற்கு அகலம் உண்மையைப் போல் இரண்டு மடங்காயிற்று. அகலம் மட்டும் கூடினால் கோணங்கள் கெடும். அதனால் அதே இடத்தில் தெற்கு வடக்கு நீளத்தையும் இரண்டு மடங்காக்கினார். கோணம் பிழைத்தது, பரப்பு நான்கு மடங்காயிற்று.

இக்கணக்கைத் துல்லியமாகச் செய்வதற்கான அட்டவணைகளை எட்வர்டு ரைட் என்ற ஆங்கிலேயர் 1599-இல் வெளியிட்டார். அதன் பிறகே இம்முறை கடற்படங்களில் நிலைபெற்றது. இதன் வாய்பாடு எளிது. ஓர் அட்சத்தின் கோசைன் மதிப்பால் ஒன்றை வகுத்தால் நீளம் எத்தனை மடங்கு பெருகும் என்பது கிடைக்கும். அதன் வர்க்கமே பரப்பின் பெருக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் சென்னையில் பரப்பு 1.05 மடங்கு, ஸ்ரீநகரில் ஏறத்தாழ 1.45 மடங்கு, 60 பாகையில் 4 மடங்கு, 70 பாகையில் எட்டரை மடங்கு, 80 பாகையில் 33 மடங்கு. துருவத்தையோ இப்படத்தில் காட்டவே முடியாது. தாள் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போக வேண்டியிருக்கும்.

கடலோடியின் கருவி என்ற வகையில் இப்படம் ஒப்பற்றது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கடற்படங்களில் இன்றும் இம்முறையே பெரிதும் கையாளப்படுகிறது. எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைக் குறைவின்றிச் செய்யும் பொருளைக் குறை சொல்வது முறையன்று. எனவே மெர்கேட்டர்மீது நமக்குப் புகார் இல்லை.

கப்பலிலிருந்து வகுப்பறைக்கு

கப்பலில் இருக்க வேண்டிய கருவி வகுப்பறைச் சுவருக்கு வந்ததுதான் கோளாறு. பார்க்க நேர்த்தியான செவ்வகம். வடக்கு எங்கும் மேலே. கோடுகள் எல்லாம் நேர்கோடுகள். அச்சிடவும் மாட்டவும் வசதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளைச் சிவப்பில் தீட்டிய உலகப் படங்களுக்கு இது மிகவும் உகந்ததாயிற்று. வடக்கே கிடக்கும் கனடா பெருத்துத் தோன்றி, பேரரசின் பரப்பைப் பெரிதாக்கிக் காட்டியது அல்லவா!

அந்தப் படத்தைப் பார்த்து மாணவன் என்ன கற்கிறான்? கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவு என்று கற்கிறான். உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 21.7 இலட்சம் ச.கி.மீ.; ஆப்பிரிக்காவின் பரப்பு ஏறத்தாழ 303 இலட்சம் ச.கி.மீ. பதினான்கு கிரீன்லாந்துகளை ஆப்பிரிக்காவில் அடக்கலாம். ஐரோப்பா தென் அமெரிக்காவுக்கு நிகரானது என்று கற்கிறான். ஐரோப்பா ஏறத்தாழ 100 இலட்சம் ச.கி.மீ.; தென் அமெரிக்கா ஏறத்தாழ 178 இலட்சம். அலாஸ்காவும் பிரேசிலும் ஒத்த அளவு என்று எண்ணுகிறான். பிரேசிலோ அலாஸ்காவைப் போல் ஐந்து மடங்கு.

நம்மைச் சுற்றியே பார்ப்போம். நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றையும் சேர்த்தாலும் இந்தியாவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மெர்கேட்டர் படத்திலோ அவை இந்தியாவைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. ஐஸ்லாந்து இலங்கையைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். படத்தில் எட்டு மடங்குக்கும் அதிகமாகத் தோன்றுகிறது. இந்தியாவுக்குள்ளேயே கூட இக்கோளாறு உண்டு. கன்னியாகுமரியில் ஒரு ச.கி.மீ. நிலம் பெறும் இடத்தைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு இடத்தை ஸ்ரீநகரில் ஒரு ச.கி.மீ. நிலம் பிடித்துக்கொள்கிறது.

இது வெறும் தோற்ற மயக்கம், எண்களைப் படித்தால் சரியாகிவிடும் என்று சிலர் கூறலாம். எண்கள் தேர்வோடு மறந்துவிடும். ஆண்டுக்கணக்கில் பார்த்த படம் மனத்தைவிட்டுப் போகாது. வெப்ப மண்டல நாடுகள் சிறியவை, வடக்கத்திய நாடுகள் பெரியவை என்ற எண்ணம் சொல்லாமலே பதிந்துவிடுகிறது. எவரும் எழுதாத, எவரும் திருத்தாத பாடம் அது.

படத்தைத் தவறான வேலைக்குப் பயன்படுத்தினால் அறிஞர்களும் வழுக்குவார்கள். 2003-இல் வட கொரிய ஏவுகணைகள் எவ்வளவு தூரம் எட்டும் என்று காட்ட, 'தி எக்கானமிஸ்ட்' வார இதழ் மெர்கேட்டர் வகைப் படத்தின் மீது வட்டங்களை வரைந்து வெளியிட்டது. இப்படத்தில் தூர அளவை இடத்துக்கு இடம் மாறும். ஆகவே உருண்டையின் மீதுள்ள ஒரு பெரிய வட்டம் இங்கே வட்டமாக வராது. தவறு சுட்டிக்காட்டப்பட்டபின் அவ்விதழ் திருத்திய படத்தை வெளியிட்டது. திருத்திய படத்தில் ஆபத்தின் எல்லை முன்னதைவிட வெகுதூரம் விரிந்திருந்தது. கோட்டுச்சட்டம் தெரியாவிட்டால் போர், அமைதி பற்றிய கணக்குகூடப் பிழையாகும் என்பதற்கு இது சான்று.

பீட்டர்ஸ் சொன்ன மாற்று

ஆர்னோ பீட்டர்ஸ் ஜெர்மானிய வரலாற்று ஆசிரியர். 1973-இல் மேற்கு ஜெர்மனியில் செய்தியாளர்களைக் கூட்டித் தம் உலகப் படத்தை அறிமுகம் செய்தார். மெர்கேட்டர் படம் ஐரோப்பாவைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, ஏழை நாடுகளைச் சிறுமைப்படுத்துகிறது, எல்லா நாடுகளுக்கும் உரிய பரப்பை அளிக்கும் படம் தம்முடையதே என்பது அவர் வாதம். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்று உரிமைக்குரல் எழுப்பிய காலம் அது. தொண்டு நிறுவனங்களும் திருச்சபை அமைப்புகளும் அப்படத்தை விரும்பி ஏற்றுப் பரப்பின. 2017-இல்கூட அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகள் அதை வகுப்பறைகளில் மாட்டத் தொடங்கின.

பீட்டர்ஸின் படத்தில் பரப்பு சரியே. ஆப்பிரிக்கா தன் முழு அளவில் நிற்கிறது, கிரீன்லாந்து சுருங்கிவிடுகிறது. மெர்கேட்டர் படத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஓர் அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி நல்லதே. கோட்டுச்சட்டம் என்ற சொல்லை அறியாத மக்களும் தேசப்படத்தைப் பற்றி வாதிட்டார்கள் என்றால், அந்தப் பெருமை பீட்டர்ஸையே சாரும்.

குறைகள் மூன்று. முதலாவது, அப்படம் புதியதன்று. ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஜேம்ஸ் கால் 1855-இலேயே அதே அமைப்பை எடுத்துரைத்திருக்கிறார். ஆகவே இன்று பலரும் அதைக் 'கால்–பீட்டர்ஸ் படம்' என்றே அழைக்கின்றனர். பரப்பைக் காக்கும் படங்கள் அதற்கும் முன்பே உண்டு. லாம்பெர்ட் 1772-இலும் மோல்வைடு 1805-இலும் அத்தகைய படங்களைக் கொடுத்துவிட்டார்கள். மெர்கேட்டருக்கு மாற்று இல்லாமல் உலகம் தவித்துக்கொண்டிருந்தது என்பது சரியன்று. மாற்று இருந்தது, பள்ளிச் சுவருக்குத்தான் வரவில்லை.

இரண்டாவது, பரப்பைக் காக்கும் முயற்சியில் வடிவம் பலியாயிற்று. அப்படத்தில் வடிவம் கெடாத இடம் 45 பாகை அட்சம் ஒன்றே. அக்கோடு வடக்கே எங்கே செல்கிறது? தென் பிரான்ஸ், வட இத்தாலி வழியாக! பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளோ தெற்கு வடக்காக இரண்டு மடங்கு இழுக்கப்படுகின்றன. சென்னையின் அட்சத்தில்கூட, அகலத்தோடு ஒப்பிட நீளம் ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. தமிழகம் கயிறு திரித்ததுபோல் நீண்டு காட்சியளிக்கிறது. ஏழை நாடுகளுக்கு நீதி வழங்க வந்த படம், ஐரோப்பாவின் நடுப்பகுதிக்கு அழகிய முகத்தையும் ஆப்பிரிக்காவுக்குக் கோணிய முகத்தையும் கொடுத்தது விந்தையே. துவைத்து ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்ட துணியைப் போல் இருக்கிறது என்ற பொருளில், அமெரிக்க வரைபட அறிஞர் ஆர்தர் ராபின்சன் அதைக் கேலி செய்தார்.

மூன்றாவது குறையே பெரியது. மெர்கேட்டர் படம் பொய், தம் படம் மெய் என்ற வகையில் பீட்டர்ஸ் பேசினார். மாணவனுக்குச் சொல்ல வேண்டிய உண்மையை இது மறுபடியும் மறைக்கிறது. ஒரு தவறான நம்பிக்கையை அகற்றி, அந்த இடத்தில் இன்னொரு நம்பிக்கையை வைப்பது அறிவியலாகாது. 'சுவரில் உள்ள படம்தான் உலகம்' என்று நம்பியவன், இப்போது 'சுவரில் உள்ள புதிய படம்தான் உலகம்' என்று நம்புவான். படம் மாறியது, அறிவு மாறவில்லை.

சமரசப் படங்கள்

இவ்விரு கட்சிக்கும் இடையே வரைபட அறிஞர்கள் அமைதியாக வேறு வழி கண்டார்கள். அமெரிக்காவின் நேஷனல் ஜியாகிரஃபிக் சங்கம் தன் உலகப் படங்களுக்கு 1922 முதல் வான் டெர் கிரிண்டன் சட்டத்தைக் கையாண்டு, 1988-இல் ராபின்சன் சட்டத்துக்கும், 1998-இல் விங்கெல் டிரிப்பெல் சட்டத்துக்கும் மாறியது. பின்னவை இரண்டும் சமரசப் படங்கள். பரப்பும் முழுச்சரியில்லை, வடிவமும் முழுச்சரியில்லை. எதுவும் மிகவும் கெடவுமில்லை. 2018-இல் மூன்று அறிஞர்கள் 'சமபூமி' என்று பொருள்படும் 'ஈக்வல் எர்த்' சட்டத்தை வெளியிட்டார்கள். அது பரப்பை முழுமையாகக் காக்கிறது; வடிவங்களையும் பீட்டர்ஸ் படத்தைப் போல் இழுப்பதில்லை. மெர்கேட்டர் படத்தைக் கைவிட்டு இதைக் கையாளக் கோரும் இயக்கத்துக்கு 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரவு தெரிவித்தது.

1989-இல் வட அமெரிக்காவின் ஏழு புவியியல், வரைபட அமைப்புகள் கூட்டாக ஒரு தீர்மானம் நிறைவேற்றின. பொதுப் பயனுக்குச் செவ்வக உலகப் படங்களைக் கையாளுவதை நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். மெர்கேட்டர், பீட்டர்ஸ் இரண்டுமே செவ்வகப் படங்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உருண்டைக்கு மூலைகள் கிடையாது. உலகத்துக்கு நான்கு மூலைகளை ஏற்படுத்திய குற்றம் இரண்டுக்கும் பொது.

இதற்கிடையில் மெர்கேட்டர் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டார். 2005-இல் தொடங்கிய கூகுள் மேப்ஸ் போன்ற கணினிப் படங்கள் மெர்கேட்டர் சட்டத்தின் ஒரு வகையையே அடிப்படையாகக் கொண்டன. இதிலும் நியாயம் உண்டு. தெருமுனையில் இரண்டு சாலைகள் செங்கோணத்தில் வெட்டிக்கொண்டால் படத்திலும் செங்கோணமாகத் தெரிய வேண்டும் அல்லவா? கோணம் காக்கும் சட்டமே அதற்கு ஏற்றது. ஆனால் தெருவைப் பார்த்த அதே விரலால் படத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் உலகம் வந்துவிடும். கூடவே பழைய கிரீன்லாந்தும் வந்துவிடும். 2018-இல் கூகுள் நிறுவனம், கணினித் திரையில் முழுதும் சுருக்கும்போது தட்டைப் படத்துக்குப் பதிலாக உருண்டை தோன்றும்படி செய்தது. நல்ல திருத்தம் அது.

சிறிய இடத்துக்குத் தவறு இல்லை

அப்படியானால் எல்லாத் தேசப்படங்களும் பொய்யா என்று மாணவன் கேட்பான். இல்லை. இங்கேதான் அளவை என்னும் கருத்து வருகிறது. ஓர் ஊரையோ ஒன்றியத்தையோ காட்டும் படத்தில் பூமியின் வளைவு பொருட்டே அல்ல. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். அவ்வளவையில் பூமியின் வளைவையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. தட்டையான தாளில் முக்கோணத்தின் கோணங்கள் கூடினால் 180 பாகை. கோளத்தின் மீது சற்று அதிகமாகும். எவ்வளவு அதிகம்? ஏறத்தாழ 197 ச.கி.மீ. பரப்புக்கு ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. நூறு ச.கி.மீ. கொண்ட பகுதிக்கு அரை விகலைதான். ஆகவே சிறு பகுதிக்குத் தட்டைத் தாள் போதும். கண்டத்துக்கும் உலகத்துக்கும் போதாது. பகுதி பெரிதாகப் பெரிதாகக் கோட்டுச்சட்டத்தின் தேர்வும் முக்கியமாகிறது. அளவையையும் கோட்டுச்சட்டத்தையும் பிரித்துப் படிக்க முடியாது என்பது இதனால் பெறப்படும்.

ஒரு நூலும் ஓர் உருண்டையும்

தூரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் அலாஸ்காவின் ஆங்கரேஜும் ஏறத்தாழ 60 பாகை வட அட்சத்தில் உள்ளன. மெர்கேட்டர் படத்தில் அவற்றை நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோட்டின் வழியே தூரம் ஏறத்தாழ 10,000 கி.மீ. வரும். நிலவுருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடதுருவத்தை ஒட்டிச் செல்லும். தூரம் 6,500 கி.மீ. அளவே. நேர்கோடு நீளமாகவும், வளைந்ததுபோல் தோன்றுவது குறுக்குவழியாகவும் இருக்கும் இவ்விந்தையை எந்த விளக்கமும் இல்லாமல் நூல் காட்டிவிடும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூர் வந்தது. சுவர்ப் படத்தைப் பார்ப்பவனுக்கு அது சுற்றுவழி. உருண்டையைப் பார்ப்பவனுக்கு அதுவே நேர்வழி.

பரப்புக்கும் ஓர் எடுத்துக்காட்டு. ஒரு புள்ளி இத்தனை இலட்சம் மக்கள் என்று வைத்து மக்கள் நெருக்கப் படம் வரைகிறோம். பரப்பைக் காக்காத படத்தில் அதை வரைந்தால் வடக்கு நாடுகளில் புள்ளிகள் விலகி நிற்கும். அங்கே மக்கள் உண்மையில் இருப்பதைவிட அருகியிருப்பதுபோல் தோன்றும். காடு, பயிர், மழை எதைப் பரப்பிக் காட்டினாலும் இதே கதி. ஆகவே அத்தகைய படங்களுக்குச் சமபரப்புச் சட்டமே வேண்டும். மாலுமிக்கு மெர்கேட்டர் சரி, மக்கள்தொகைக்கு அது தவறு. எந்தப் படம் நல்ல படம் என்ற கேள்வியே அரைக் கேள்வி. எதற்கு நல்ல படம் என்பதே முழுக் கேள்வி.

செய்ய வேண்டியவை

குறை கூறிவிட்டு நிறுத்துவது திறனாய்வின் கடமையை முடிக்காது. பெரும் செலவில்லாமல் செய்யத்தக்கவை நான்கு உண்டு.

முதலாவது, உலகப் படத்துக்கு முன்னால் நிலவுருண்டை வகுப்புக்கு வர வேண்டும். அலமாரியில் பூட்டி வைக்க அன்று. மாணவர் கைகளில் கொடுக்க. விலைக்கு வாங்க இயலாத இடத்தில் ரப்பர்ப் பந்தும் மையும் போதும்.

இரண்டாவது, ஒவ்வோர் உலகப் படத்தின் அடியிலும் கோட்டுச்சட்டத்தின் பெயரும், 'இப்படத்தில் பரப்பு சரியன்று' அல்லது 'வடிவம் சரியன்று' என்ற ஒரு வாக்கியமும் அச்சிடப்பட வேண்டும். மருந்துப் புட்டியில் எச்சரிக்கை அச்சிடுகிறோம். படத்துக்கும் அது தகும்.

மூன்றாவது, ஒரு படத்தை மட்டும் மாட்டக் கூடாது. மெர்கேட்டர் படத்தையும் சமபரப்புப் படம் ஒன்றையும் அடுத்தடுத்து மாட்டினால், ஆசிரியர் சொல்லாமலே மாணவர் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வி எழுந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

நான்காவது, படத்தை இனங்காணக் கற்பிக்க வேண்டும். இது ஐந்து நிமிட வேலை. தீர்க்கரேகைகள் இணைகோடுகளாக நின்று, அட்சரேகைகளின் இடைவெளி துருவத்தை நோக்கிக் கூடிக்கொண்டே போனால் அது மெர்கேட்டர் வகை. தீர்க்கரேகைகள் இணையாக நின்று, அட்ச இடைவெளி துருவத்தை நோக்கிக் குறைந்துகொண்டே போனால் அது கால்–பீட்டர்ஸ் போன்ற சமபரப்பு வகை. தீர்க்கரேகைகள் வளைந்திருந்தால் அது வேறு வகை. தம் பள்ளியில் தொங்குவது எது என்று இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் நாளையே பார்க்கலாம்.

தலைநகரங்களின் பட்டியலும் ஆறுகளின் நீளமும் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. அவை செய்திகள். செய்திகளைத் தாங்கும் சட்டம் எது என்று தெரியாமல் செய்திகளை மட்டும் குவிப்பதையே குறை கூறுகிறோம். இடம், திசை, தூரம், பரப்பு, வடிவம் ஆகிய ஐந்தும் அடிப்படைக் கருத்துகள் என்றால், தாளில் அவை ஐந்தும் சேர்ந்து வாழ முடியாது என்பது ஆறாவது அடிப்படைக் கருத்து. முன்னைய ஐந்தையும் சரியாகப் புரிந்துகொள்ள இந்த ஆறாவது வேண்டும்.

இதனால் கிடைக்கும் பயன் புவியியலோடு நிற்பதில்லை. படத்தைப் பார்த்ததும் 'இதை வரைந்தவர் எதைக் காத்தார், எதை விட்டார், யாருக்காக வரைந்தார்' என்று கேட்கப் பழகிய மாணவன், நாளை ஒரு புள்ளிவிவரத்தைக் கண்டாலும், ஒரு வரைபடத்தைக் கண்டாலும், ஒரு விளம்பரத்தைக் கண்டாலும் அதையே கேட்பான். அவனை ஏமாற்றுவது எளிதன்று. அறிவியல் கல்வியின் நோக்கமும் அதுவே.